அலமாரியில் ஒரு துப்பாக்கி

கணவர் காலமாகி ஆறு மாதம் கழித்து, அவருடைய அலமாரியை ஒழிக்க மனத்தைத் திடப்படுத்திக்கொள்கிறாள் ஓர் அமெரிக்க மாது. கோட்டுகளுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறது ஒரு துப்பாக்கி! மாமனார் காலத்தில் மான் வேட்டைக்குப் போனது. "பாட்டி, எனக்குத்தான்" என்கிறான் பேரன். பக்கத்து வீட்டுக்காரரோ நூறு டாலரை நீட்டுகிறார். அவள் என்ன செய்வாள்?

நம் வீட்டில் துப்பாக்கி ஏது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பாட்டியின் பட்டுப்புடவையை வெட்டிப் பேத்திக்குப் பாவாடை தைத்தவர்களுக்கு இந்த விஷயம் சட்டென்று விளங்கும்.

உலக யுத்தங்களுக்குப் பிறகு, ராணுவம் கழித்துப் போட்ட ரைபிள்கள் அந்த நாட்டில் அற்ப விலைக்குக் கிடைத்தன. வேட்டைப் பிரியர்கள் அவற்றை வாங்கிவந்து, கனத்த கட்டையை வெட்டி இழைத்தார்கள். டெலஸ்கோப் பொருத்தத் துளை போட்டார்கள். தபாலிலேயே வாங்கலாம்! 1963-ல் கென்னடியைக் கொன்றது அப்படித் தபாலில் வந்த இத்தாலிய ராணுவ ரைபிள்தான். 1968-ல் சட்டம் வந்த பிறகே அந்த வியாபாரம் ஓய்ந்தது.

முதல் வேலை, விசையைத் தொடாமல் போல்ட்டைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்ப்பது. பிறகு முத்திரைகளைப் படிக்கவேண்டும். தோட்டா வெடிக்கும் இடத்தைச் சுற்றியுள்ள எஃகுப் பாகத்துக்கு ரிஸீவர் என்று பெயர். அதன் தலையில் 'ஸ்பிரிங்ஃபீல்டு', '1903' என்று இருந்தால் அது பேர்போன அமெரிக்க ராணுவ ரைபிள். இரண்டாம் யுத்தத்தில் டைப்ரைட்டர் செய்த ஸ்மித் கொரோனா கம்பெனிகூட இதைச் செய்தது! குழலின் நுனியில் மாதமும் வருஷமும் இருக்கும். ஆனால் அது குழலின் வயதுதான். குழலை மாற்றியிருக்கலாம் அல்லவா?

விலை? யாரோ வீட்டுக் கொட்டகையில் வெட்டியது என்றால், வெட்டாத அசலைவிட மிகக் குறைவு. கட்டையை மட்டும் வெட்டியிருந்தால் பழைய கட்டையைத் தேடிப் பொருத்தி மீட்டுவிடலாம். எஃகில் போட்ட துளையை மூட முடியாது. பெயர்பெற்ற தொழிலாளி கைபட்டதானால் கதையே வேறு. நியூயார்க்கின் கிரிஃபின் அண்டு ஹோ 1930-ல் எழுத்தாளர் ஹெமிங்வேக்கு விற்ற ஸ்பிரிங்ஃபீல்டு அந்த ரகம். ஆகவே, பெயர் ஏதாவது பொறித்திருக்கிறதா என்று தேடாமல் நூறு டாலருக்குத் தலையாட்டக் கூடாது.

விலையைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. அதுதான் ரிஸீவரில் உள்ள வரிசை எண்.

ஆரம்ப காலத்தில் இந்த எஃகைப் பழுக்கக் காய்ச்சியவர்கள், சூட்டை நிறத்தைப் பார்த்தே மதிப்பிட்டார்கள். வெல்லப்பாகைப் பார்த்தே பதம் சொல்லும் பாட்டிமார்களைப் போல! பாட்டி விரலால் உருட்டியும் பார்ப்பாள். அவர்களுக்கு அந்த வசதி இல்லை. வெயில் பளிச்சென்று அடிக்கிற நாளில் செந்தணல்கூட மங்கலாகத் தெரியும். 'இன்னும் காயவில்லை' என்று மேலும் காய்ச்சுவார்கள். முதல் யுத்த காலத்தில் கருவி வைத்து அளந்தபோது, வெயில் நாளுக்கும் மப்பு நாளுக்கும் 300 டிகிரி பாரன்ஹீட் வரை வித்தியாசம் இருந்தது! அளவுக்கு மீறி வெந்த எஃகு, கண்ணாடிபோல் நொறுங்கும். சில ரைபிள்கள் சுட்டவர் முகத்தருகிலேயே சிதறின.

1918-ல் முறையை மாற்றினார்கள். ஸ்பிரிங்ஃபீல்டு தொழிற்சாலையில் 8,00,000-க்கும், ராக் ஐலண்டு தொழிற்சாலையில் 2,85,507-க்கும் குறைந்த எண்கள் பழைய முறையில் செய்தவை. அவை எல்லாமே கெட்டவை அல்ல. எது கெட்டது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் தொல்லை. 1942-ல் செய்த புதுக் குழலை மாட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது அதே எஃகுதான்.

நம் மாதின் துப்பாக்கியில் எண் ஆறு லட்சத்துச் சொச்சம் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்பதானால் எண்ணின் கதையைச் சொல்லிவிட்டுத்தான் பணத்தை வாங்கவேண்டும். பேரனுக்குக் கொடுக்கலாம், சுவரில் மாட்டிக்கொள்ள. தோட்டா வாங்கக் காசு கேட்டால் மட்டும் கொடுக்கக் கூடாது.