வாட்டர் பாட்டில் நிறைந்தே திரும்பி வருகிறதா?

சாயந்தரம் ஸ்கூல் விட்டு வரும் உங்கள் மகளின் வாட்டர் பாட்டிலைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். காலையில் நிரப்பினது அப்படியே இருக்கிறதா? 'ஏண்டி குடிக்கலை?' என்று திட்டாதீர்கள். 'பாத்ரூம் ஒரே நாத்தம்மா, அதான்...' என்பாள். தண்ணீர் குடிக்காமல், சிறுநீரையும் அடக்கிக்கொண்டே இருந்தால் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் வரலாம். மருந்தை டாக்டர் கொடுப்பார். ஆனால் காரணம் பள்ளியில் அல்லவா இருக்கிறது!

2009-ம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளியில் ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறையும், பாதுகாப்பான குடிநீரும் இருந்தாக வேண்டும். அரசுப் பள்ளிகளில் இதையெல்லாம் கவனிக்கத்தான் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் இவர்கள்தான்.

கட்டிவிட்டால் போதுமா? 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் பலியானதை மறக்க முடியுமா? அதனால், திட்டத்தில் இவற்றையும் எழுதச் சொல்லுங்கள்:

* தினமும் கழுவ ஆள் யார்? பினாயிலுக்குப் பணம் எங்கிருந்து?

* மழைக்காலத்துக்கு முன் வருடா வருடம் சுவர், கூரை பரிசோதனை.

* மூன்று வருடம் கழித்து எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள்? அதற்கு எத்தனை கழிப்பறை வேண்டும்?

அடுத்த கூட்டத்துக்கு நீங்களே போங்கள். கேட்டால்தானே கிடைக்கும்!