சீர் குலைந்த நாடி: இருதய மேலறை நடுக்கம்

மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்க்கும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழமையானது. இக்காலத்தில் இரத்த அழுத்தமானி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்வதோடு களப்பணியாளரின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆயினும் ஒரு வியாதியைப் பொறுத்தமட்டில் விரல்களே முதற்கருவியாகும். இருதய மேலறை நடுக்கம் என்பதே அவ்வியாதி. ஆங்கில வைத்திய நூல்களில் இதன் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மருத்துவச் சீட்டுகளில் ‘ஏ.எஃப்.’ என்ற இரண்டெழுத்தாகக் காணப்படும். ‘உதறல்’, ‘குறுநடுக்கம்’ என்றும் இதனைத் தமிழில் வழங்குவர். கையைப் போலவோ காலைப் போலவோ அறை முழுவதும் ஒருசேர உதறுவதில்லை. தசையின் ஒவ்வொரு நாரும் தனித்தனியே துடிப்பதால் நடுக்கம் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

இருதயத்தில் மேலறை இரண்டும் கீழறை இரண்டும் உள்ளன. வலது மேலறையின் உச்சியிலுள்ள சிறு திசுத்திரள் ஒன்று நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை மின்தூண்டலை எழுப்புகிறது. அத்தூண்டலால் மேலறைகள் முதலில் சுருங்கி, இரத்தத்தைக் கீழறைகளுக்குள் தள்ளுகின்றன. பின்னர்க் கீழறைகள் சுருங்கி அதனை உடலெங்கும் செலுத்துகின்றன. மேலறை நடுக்கத்தில் இவ்வொழுங்கு முற்றிலும் குலைகிறது. மேலறைகளில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரையான ஒழுங்கற்ற தூண்டல்கள் எழுகின்றன. இவையனைத்தும் கீழறைகளை எட்டுமாயின் உயிர் தரிக்காது. நல்வாய்ப்பாக, மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள கணு ஒன்று அவற்றுட் பெரும்பாலானவற்றைத் தடுத்து, சிலவற்றையே கீழே விடுகிறது. அவையும் எவ்வித முறையுமின்றி வருவதால் நாடியும் முறையற்றதாகிறது.

ஆகவே நாடியை ஒரு முழு நிமிடம் பார்த்தல் வேண்டும். கால் நிமிடம் பார்த்து நான்கால் பெருக்குவது இங்கே பயன்படாது. எப்போதாவது ஒரு துடிப்புத் தவறுவது பலரிடம் காணப்படுவதே. மேலறை நடுக்கத்திலோ எந்த இரண்டு இடைவெளிகளும் ஒத்திரா. துடிப்பின் வலிமையும் மாறிக்கொண்டே இருக்கும். மார்பில் கேட்கும் துடிப்புகளின் எண்ணிக்கை மணிக்கட்டில் எண்ணியதைவிட மிகுதியாக இருப்பின் ஐயம் வலுப்பெறும். படபடப்பு, மூச்சிரைப்பு, களைப்பு, தலைச்சுற்றல் ஆகியவை அறிகுறிகள்; ஆனால் எவ்வித அறிகுறியும் இல்லாதவர் பலர். முடிவு கூற வேண்டியது இருதய மின்பதிவே. லண்டனில் தாமஸ் லூயிஸ் என்பார் 1909-ஆம் ஆண்டில் அக்கருவியின் துணைகொண்டே, வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கண்டுவந்த சீரற்ற நாடிக்கு மேலறை நடுக்கமே காரணம் எனத் தெளிவாக்கினார். ஐயத்துக்குரிய நாடி மட்டாஞ்சேரியில் காணப்படின், நோயாளியைக் கருவேலிப்படியிலுள்ள தாலுக்கா மருத்துவமனைக்கோ எறணாகுளம் பொது மருத்துவமனைக்கோ அனுப்புவது தக்கது.

இவ்வியாதியின் பெரிய அபாயம் படபடப்பன்று. மூளையில் நேரும் பக்கவாதமே. கோட்டைக் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் இடையேயுள்ள இராமேசுவரம்–கல்வத்திக் கால்வாயைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். நீரோட்டம் நின்ற இடத்தில் குப்பையும் சேறும் திரண்டு தங்கிவிடுகின்றன. அவ்வாறே, சுருங்காத மேலறையில், சிறப்பாக இடது மேலறையின் ஓரத்தே பைபோல் அமைந்த பகுதியில், இரத்தம் தேங்கி உறைகிறது. அவ்வுறைகட்டி பெயர்ந்து மூளைக்குச் செல்லும் குழாயை அடைத்தால், அக்கணமே ஒரு கையும் காலும் செயலிழக்கின்றன, பேச்சும் போகின்றது. அமெரிக்காவிலுள்ள பிராமிங்காம் நகர மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தோர், இந்நடுக்கம் உடையவர்க்குப் பக்கவாத அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு எனக் கண்டனர். ரூமாட்டிக் காய்ச்சலால் வால்வு பழுதுற்றவர்க்கோ அது பதினேழு மடங்கை ஒட்டியது.

கேரளத்தில் இதனை அசட்டை செய்வதற்கில்லை. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இம்மாநிலத்தாருள் 12.6 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர். முதுமை ஏற ஏற இந்நடுக்கமும் மிகுகிறது. இரத்த அழுத்தம், நீரிழிவு, தைராய்டுச் சுரப்பியின் மிகைச் செயல், மது ஆகியன இதற்குத் துணைபுரிகின்றன. 2016–2017-இல் மாநிலமெங்கும் 53 மருத்துவமனைகள் சேர்ந்து 3,421 நோயாளிகளைப் பதிவு செய்து அவர்களைத் தொடர்ந்து கவனித்தன. மேனாட்டுப் பதிவேடுகளில் அரிதாகிவிட்ட ரூமாட்டிக் வால்வு நோய் இங்கு இன்னும் கணிசமாக உள்ளது.

சிகிச்சை மூவகைப்படும். துடிப்பின் வேகத்தைத் தணிப்பது ஒன்று; மருந்தினாலோ மின்னதிர்ச்சியினாலோ, மேலறையின் சிறுபகுதியைச் சுட்டு நீக்குவதாலோ ஒழுங்கை மீட்பது மற்றொன்று. இவ்விரண்டையும் வைத்தியரிடமே விட்டுவிடலாம். இரத்தம் உறையாமற் காப்பதாகிய மூன்றாவதே நம் பணிக்கு உரியது. ஏனெனில் அது நோயாளியின் வீட்டில், அன்றாடம், பல ஆண்டுகள் நடைபெற வேண்டியது. நாடி சீரடைந்துவிட்டது, உடம்பு நன்றாயிருக்கிறது என்று மாத்திரையை நிறுத்திவிடுவோர் உண்டு. துன்பம் தெரியாத காலத்திலும் கட்டி உருவாகக்கூடும் என்பதை அவர்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டும். ஆஸ்பிரின் மாத்திரை இதற்கு ஈடாகாது.

இவ்வகை மருந்துகளுள் மூத்தது வார்ஃபரின். 1930-களில் அமெரிக்காவில் கெட்டுப்போன இனிப்புக் குளோவர் புல்லைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து மாண்டன. அதன் காரணத்தை ஆராய்ந்த விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் வழியே பிறந்த இது, 1948-இல் எலி நஞ்சாக வெளிவந்து, 1950-களில் மனிதர்க்கு மருந்தாயிற்று. எலி நஞ்சு என்பதைக் கேள்வியுற்று அஞ்சுவோரிடம், அளவே மருந்துக்கும் நஞ்சுக்கும் உள்ள வேறுபாடு எனக் கூறலாம். அவ்வளவை அறியவே ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனை உள்ளது. பெரும்பாலோர்க்கு அது 2-க்கும் 3-க்கும் இடையே நிற்க வேண்டும். முருங்கைக்கீரை முதலிய கீரைகளிலுள்ள கே வைட்டமின் மருந்தின் வலிமையைக் குறைக்கும். அதற்காகக் கீரையை அறவே விலக்க வேண்டுவதில்லை. ஒரு வாரம் மிகுதியாகவும் மறுவாரம் இன்றியும் உண்பதே தவறு. வலி மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் கேளாமற் சேர்த்தல் கூடாது. மலம் கறுத்தல், ஈறில் இரத்தம் நில்லாமை ஆகியவை தோன்றின் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கருவுற்ற பெண்ணும் கருவுற விழைபவளும் முன்னரே வைத்தியரிடம் தெரிவித்தல் இன்றியமையாதது. சிசுவுக்கு இம்மருந்து தீங்கு செய்யும். மட்டாஞ்சேரியில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவற்றையெல்லாம் தமிழிலேயே சொல்லிவிடுவது நலம்.

2010-க்குப் பின் வந்த புதிய மருந்துகளுக்கு அடிக்கடி இரத்தப் பரிசோதனை வேண்டுவதில்லை. வால்வு நோயற்றவர்க்கு அவை பெரிதும் ஏற்றவை. ஆயினும் எல்லார்க்கும் அவற்றை மாற்றித் தருவது சரியன்று. ரூமாட்டிக் வால்வு நோயுடன் நடுக்கமும் உடைய 4,500-க்கும் மேற்பட்டோரை 24 நாடுகளில் ஆராய்ந்து 2022-இல் வெளியிட்ட முடிவு வியப்பளித்தது: ரிவராக்ஸபன் என்னும் புது மருந்து உண்டவரினும் வார்ஃபரின் இனத்து மருந்து உண்டவரிடையே மரணம் குறைவாயிருந்தது. உலோக வால்வு பொருத்தப்பட்டவர்க்கும் வார்ஃபரினே உரியது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதல் பொருத்திய சித்ரா வால்வு உடையோரும் இவ்விதிக்கு உட்பட்டவரே. அண்டை வீட்டார் உண்ணும் மாத்திரையைக் கேட்டு வாங்கி உண்ணும் வழக்கம் இங்கே உயிருக்கே கேடாகும்.

வால்வைப் பழுதாக்கும் ரூமாட்டிக் காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் வருவது. ஆதலின் ஆசிரியர்களுக்கும் இதிற் பங்குண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2000-க்கும் 2010-க்கும் இடையே பல மாநிலங்களில் ஏறத்தாழ 1,77,000 பள்ளிச் சிறாரைச் சோதித்ததில், ஆயிரத்துக்கு ஒருவர்க்குச் சற்றுக் குறைவாக இந்நோய் காணப்பட்டது. தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, இரண்டு மூன்று வாரங்கழித்து முழங்கால், கணுக்கால், முழங்கை என மூட்டு மாறி மாறி வீங்குமாயின், அப்பிள்ளையைத் தாமதமின்றி வைத்தியரிடம் காட்டச் செய்தல் வேண்டும். நோய் உறுதியானால், மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி பல ஆண்டுகள் போடப்படும். ஊசிபோடும் நாளுக்கு வருகைப் பதிவில் விடுப்புக் குறிக்காமல், அப்பிள்ளையை அரைநாள் அனுப்பிவைக்கப் பள்ளித் தலைமையாசிரியர் ஏற்பாடு செய்யலாம். தவறவிட்ட ஊசியினாலேயே காய்ச்சல் திரும்பி வந்து வால்வைக் கெடுக்கிறது.