குற்றம் வேறு, குற்ற உணர்வு வேறு

நம் இளையோர் பலர் விரும்பிப் பார்க்கும் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களை 'அனிமே' என்று அழைக்கிறார்கள். கார்ட்டூன் என்றாலே அது சிறுபிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று பெரியவர்களாகிய நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் அவற்றுள் சில, மனச்சான்றைப் பற்றி மறையுரைகளில் நாம் எழுப்பும் கேள்விகளையே எழுப்புகின்றன. அப்படிப்பட்ட ஒரு தொடரைப் பற்றி இன்று சிந்திப்போம்.

தொடரின் பெயர் 'மான்ஸ்டர்'. நவோகி உராசாவா என்பவர் 1994 முதல் 2001 வரை வரைந்த சித்திரக்கதை இது. இதை 74 பகுதிகள் கொண்ட தொடராக மசாயுகி கோஜிமா இயக்க, 2004, 2005 ஆண்டுகளில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. கதை நடப்பது ஜெர்மனியில். வன்முறைக் காட்சிகள் உண்டு. ஆகவே சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல. வளர்ந்த பிள்ளைகள் பார்த்தால், பெற்றோரும் உடன் அமர்ந்து பார்ப்பது நல்லது.

1986ஆம் ஆண்டு. டூசல்டோர்ஃப் நகரத்து மருத்துவமனை ஒன்றில் கென்ஸோ டென்மா என்னும் இளம் ஜப்பானிய மருத்துவர் மூளை அறுவை சிகிச்சை செய்வதில் பெயர் பெற்றிருக்கிறார். இயக்குநரின் மகளோடு அவருக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. ஓர் இரவு துருக்கி நாட்டுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் ஆபத்தான நிலையில் கொண்டுவரப்படுகிறார். அவருக்குப் பின் புகழ்பெற்ற இசைநாடகப் பாடகர் ஒருவர் வருகிறார். பாடகருக்கே முதலில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. டென்மா கீழ்ப்படிகிறார். பாடகர் பிழைக்கிறார், தொழிலாளி இறக்கிறார். தன் கணவர்தானே முதலில் வந்தார் என்று அவருடைய மனைவி டென்மாவிடம் கதறி அழுகிறார்.

அவர் கத்தி எடுத்து யாரையும் குத்தவில்லை, சொன்னதைத்தான் செய்தார். ஆயினும் அவருடைய மனச்சான்று அவரை விடவில்லை. ஏழையின் உயிருக்கு ஒரு விலை, புகழ்பெற்றவர் உயிருக்கு வேறு விலை என்ற அநீதிக்குத் தம் கைகளும் துணைபோயின என்று அது உறுத்துகிறது. அன்பர்களே, இந்த உறுத்தல் நோயல்ல, அருள். அலுவலகத்திலும் தொழிலிலும் "மேலே சொன்னார்கள், செய்தேன்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உத்தரவு நம் பொறுப்பைக் குறைக்கலாம். அதை முற்றிலும் துடைத்துவிடாது.

அந்த உறுத்தல் பலன் தருகிறது. சில நாள்களில், தலையில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த ஒரு சிறுவன் கொண்டுவரப்படுகிறான். சற்று நேரத்தில் நகர மேயரும் கொண்டுவரப்படுகிறார். மேயரைக் கவனி என்கிறார் இயக்குநர். டென்மா மறுத்து, முதலில் வந்த சிறுவனைக் காப்பாற்றுகிறார். மேயர் இறக்கிறார். டென்மாவின் பதவி உயர்வும் போகிறது, நிச்சயித்த திருமணமும் போகிறது. ஆத்திரத்தில் அவர், மயங்கிக் கிடக்கும் அந்தச் சிறுவனின் படுக்கையருகே நின்று, அந்த இயக்குநர் போன்றவர்கள் செத்தால் நல்லது என்று கொட்டித் தீர்க்கிறார். பின்னர் இயக்குநரும் மூத்த மருத்துவர்கள் இருவரும் நஞ்சினால் இறக்கிறார்கள். சிறுவன் யோஹானையும் காணவில்லை.

ஒன்பது ஆண்டுகள் கழித்து யோஹான் வாலிபனாகத் திரும்பி வந்து, டென்மாவின் கண்முன்னே ஒருவரைச் சுட்டுக் கொல்கிறான். நீங்கள் விரும்பியதைத்தான் அன்று செய்தேன் என்று அவரிடமே சொல்கிறான். தாம் காப்பாற்றிய உயிர் பலரைக் கொன்ற உயிர் என்று டென்மாவுக்கு அப்போதுதான் தெரிகிறது.

இப்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி: டென்மா குற்றவாளியா? திருஅவையின் அறநெறிப் போதனை ஒரு செயலை மூன்று கோணங்களில் பார்க்கச் சொல்கிறது. செய்தது என்ன, எந்த நோக்கத்தோடு, எந்தச் சூழ்நிலையில்? சிறுவனுக்குச் சிகிச்சை அளித்தது நல்ல செயல், நோக்கமும் நல்லது. தீய விளைவு ஒன்று ஒருவருடைய கணக்கில் எழுதப்பட வேண்டுமானால், அதை அவர் முன்னறியக்கூடியவராகவும் தவிர்க்கக்கூடியவராகவும் இருந்திருக்க வேண்டும் என்று கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி 1737ஆம் எண்ணில் விளக்குகிறது. அந்தச் சிறுவன் பிற்காலத்தில் என்ன ஆவான் என்று டென்மாவால் எப்படி அறிந்திருக்க முடியும்? ஆகவே யோஹான் செய்த கொலைகள் யோஹானுடையவை. டென்மாவின் நெஞ்சில் இருப்பது குற்ற உணர்வுதான், குற்றமல்ல.

படுக்கையருகே கொட்டிய வார்த்தைகளின் கதை வேறு. சினத்தையும் கொலையையும் ஒரே வேரில் வைத்து ஆண்டவர் போதித்ததை மத்தேயு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஒருவருடைய சாவை விரும்பியது மன்னிப்புக் கேட்க வேண்டிய பாவமே. ஆனால் அது வெறுப்பு என்னும் பாவம். நஞ்சு வைத்த பாவம் அல்ல. நம் பாவத்தை உள்ளதற்குக் குறைத்துச் சொல்வது பொய். உள்ளதற்கு மிகுத்துச் சொல்வதும் உண்மையல்ல.

இந்த வேறுபாடு தெரியாமல் எத்தனை பேர் வாடுகிறார்கள்! மகன் ஆசைப்பட்டான் என்று பைக் வாங்கிக் கொடுத்த தாய், அவன் விபத்தில் இறந்தபின், நானே அவனைக் கொன்றேன் என்கிறார். மருத்துவர் சொன்னபடி தந்தையின் அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்திட்ட மகள், அவர் பிழைக்காதபோது தன்னையே சபிக்கிறாள். தாயே, மகளே, அன்பினால் நீங்கள் செய்ததைக் கடவுள் அன்பாகவே பார்க்கிறார். உங்கள் துயரத்தைப் பாவமென்று பெயரிட்டு அழைக்காதீர்கள். துயரத்திற்குத் தேவை ஆறுதல். பாவத்திற்குத் தேவை ஒப்புரவு.

தொடரின் எஞ்சிய பகுதி இன்னொரு சோதனையைக் காட்டுகிறது. டென்மா துப்பாக்கி ஏந்துகிறார். நான் உயிர்கொடுத்தவனை நானே கொன்று பரிகாரம் செய்வேன் என்று யோஹானைத் தேடி அலைகிறார். குற்ற உணர்வு மனிதரை இவ்வாறு தீர்ப்பு வழங்கும் இருக்கையிலும் அமர்த்திவிடும். நன்மை விளையட்டும் என்று தீமை செய்யலாகாது என்பதை உரோமையர் 3ஆம் அதிகாரத்தில் பவுலடியார் உறுதியாகச் சொல்லிவிட்டார். ஒரு கொலையால் மற்றக் கொலைகளைக் கழுவ முடியாது.

கதையின் முடிவில் வேறொருவர் சுட்டு, யோஹான் மீண்டும் தலையில் குண்டு பாய்ந்து கிடக்கிறான். டென்மா மீண்டும் அறுவை சிகிச்சை செய்து அவனைப் பிழைக்க வைக்கிறார். முதல்முறை செய்தபோது அவன் யாரென்று அவருக்குத் தெரியாது. இரண்டாம் முறை எல்லாம் தெரியும். ஒருவர் நல்லவர் என்பதனால் அவருடைய உயிர் மதிப்புப் பெறுவதில்லை, அது உயிர் என்பதனாலேயே மதிப்புடையது என்பதை, தெரிந்தே அவர் ஏற்றுக்கொள்கிறார். மறைக்கல்வி வகுப்பில் நாம் கற்பிக்கும் மனித மாண்பு இதுதான்.

அன்பர்களே, பேதுருவும் அழுதார், யூதாசும் மனம் வருந்தினார். பேதுரு ஆண்டவரை நோக்கித் திரும்பினார். யூதாசு தம்மையே தீர்ப்பிட்டுக்கொண்டார். நம் உள்ளத்தில் ஏதோ ஒன்று உறுத்தும்போது மூன்று கேள்விகள் கேட்போம். தெரிந்து செய்தேனா? விரும்பிச் செய்தேனா? தவிர்த்திருக்க முடியுமா? ஆம் என்றால், தயங்காமல் ஒப்புரவு அருளடையாளத்தை நாடுவோம். பாதிக்கப்பட்டவருக்கு ஈடு செய்வோம். இல்லை என்றால், அந்தச் சுமையை இறைவனின் கரங்களில் இறக்கி வைப்போம். எது என்று பிரித்தறிய முடியவில்லையா? தனியே சுமக்க வேண்டாம். பங்குத்தந்தையிடமோ நம்பிக்கைக்குரிய ஒருவரிடமோ மனம் திறந்து பேசுவோம். நம் மனச்சான்றை அறிந்த இறைவன் நமக்கு அமைதி அருள்வாராக.