மின்விசிறி சொல்லும் கணக்கு

மின்விசிறியின் சுவிட்சைப் போடுகிறீர்கள். முதலில் சோம்பலாக அசையும் இறக்கைகள், கொஞ்ச நேரத்தில் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாமல் சுழல்கின்றன. சுழலும் வேகம் இப்படி மாறுகிற வீதத்துக்குத்தான் கோண முடுக்கம் என்று பெயர். நிமிடத்துக்கு 300 சுற்று, அதாவது நொடிக்கு 5 சுற்று என்ற வேகத்தை 10 நொடியில் எட்டினால், ஒவ்வொரு நொடியும் சராசரியாக அரைச் சுற்று வேகம் கூடியிருக்கிறது. இறக்கையின் நுனிக்கும் அடிக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான், நுனி அதிகத் தூரம் ஓடினாலும்கூட. வேடிக்கை என்னவென்றால், முழு வேகத்தில் சீராகச் சுழலும்போது கோண முடுக்கம் பூஜ்யம்! அணைத்ததும் காற்றின் தடையும் பேரிங்கின் உராய்வும் வேகத்தைக் குறைக்கின்றன. அப்போது முடுக்கம் எதிர்த்திசையில். இன்றிரவு விசிறியை அணைத்தால், அது நிற்க எத்தனை நொடி ஆகிறதென்று எண்ணிப் பாருங்கள், நேயர்களே.