வரவேற்பறையில் அரை டன் கடல்

நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். வீட்டில் பவளப்பாறைத் தொட்டி வைக்க ஆசைப்படுபவர்களில் பலர் கடைசியில் வந்து நிற்கும் அளவு இதுதான். கேட்கும்போது ஒரு மேசை அளவுதானே என்று தோன்றும். கணக்குப் போட்டால், விளிம்புவரை 430 லிட்டர் தண்ணீர். 12 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் வெறும் தொட்டியே 85 கிலோ இருக்கும். கல், மணல், அலமாரி, அதற்குள் வைக்கும் வடிகட்டித் தொட்டி எல்லாம் சேர்ந்தால் 650 கிலோவைத் தொட்டுவிடும். ஒன்பது பெரியவர்கள் உங்கள் வரவேற்பறையின் ஒரே மூலையில் இரவும் பகலும் நகராமல் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் காலுக்குக் கீழே இன்னொரு குடும்பத்தின் கூரை.

ஆனாலும் பெரிய தொட்டியை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தண்ணீர் அதிகமானால் உப்பின் அளவும் வெப்பமும் மெதுவாகத்தான் மாறும். பவளத்துக்கு அந்த நிதானம் வேண்டும். இரண்டு நாள் வெளியூர் போய் வந்தால், சிறிய தொட்டி தாங்காததைப் பெரிய தொட்டி தாங்கும். கேள்வி, எந்தத் தொட்டியை நம்புவது என்பதுதான்.

கடைக்குப் போனதும் கண் போவது விளக்குக்கும் மீனுக்கும். பணமும் அங்கேதான் போகிறது. விளக்கு, பம்பு, மீன் எதையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். தொட்டியை மாற்றுவதென்றால் ஒரு குட்டிக் கடலையே வாளிகளில் இறக்கவேண்டும். பவளங்களும் உயிருள்ள விலங்குகள்தாம். கடையில் விற்கும் கடினப் பவளங்கள், பன்னாட்டு வணிகத்தில் அனுமதிச் சீட்டோடு மட்டுமே எல்லை தாண்டக்கூடிய உயிரினங்கள். அவற்றை வாளியில் வைத்துக்கொண்டு ஒழுகும் மூலையைத் தேடும் நிலை யாருக்கும் வரவேண்டாம்.

தளம் தாங்குமா?

குடியிருப்புகளின் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ சுமை என்ற அளவில் வடிவமைப்பது வழக்கம். நமது நான்கடித் தொட்டி நிற்கும் இடம் 0.72 சதுர மீட்டர். சதுர மீட்டர் கணக்கில் பார்த்தால் 900 கிலோ வந்துவிடுகிறது. உடனே தளம் இடிந்துவிடும் என்று அர்த்தமில்லை. சுமை சுற்றிலும் பரவும். அடியில் உத்தரம் ஓடும் சுவரை ஒட்டி வைப்பதற்கும் அறையின் நடுவில் வைப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. ஆனால் உங்கள் வீட்டில் எந்தச் சுவருக்குக் கீழே உத்தரம் இருக்கிறது என்பதை மீன் கடைக்காரரால் சொல்லமுடியாது. நான்கடியும் அதற்கு மேலும் என்றால், வீவக வீடோ தனியார் அடுக்குமாடியோ, தகுதிபெற்ற பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டில் ஆறடித் தொட்டி இருக்கிறதே என்பது ஆறுதல்தான், பதில் அல்ல.

மின்தூக்கியையும் வாசல் கதவையும் அளந்துகொள்ளுங்கள். இதை மறந்துவிட்டுத் தொட்டி வந்த நாளில் தாழ்வாரத்தில் நின்று யோசிப்பவர்கள் உண்டு.

கண்ணாடியும் ஒட்டும்

நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. நான்கடித் தொட்டியோ எட்டடித் தொட்டியோ, ஆழம் ஒன்றானால் அடியில் அழுத்தமும் ஒன்றே. ஆனால் கண்ணாடி நீளமாக நீளமாக நடுவில் வெளிப்பக்கம் வளையும். நமது தொட்டியின் முன்கண்ணாடியைத் தண்ணீர் தள்ளும் விசை ஏறக்குறைய 220 கிலோ எடைக்குச் சமம். தூங்கும்போதும் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். அதனால் மேல் விளிம்பைச் சுற்றிக் கண்ணாடிப் பட்டை ஒட்டிய தொட்டியையே நான் விரும்புவேன். பட்டையில்லாத தொட்டி படத்தில் அழகு. அந்த அழகு வேண்டுமானால் கண்ணாடியின் தடிப்பைக் கூட்டவேண்டும், விலையும் கூடும். தடிப்பைக் கூட்டாமல் பட்டையை மட்டும் எடுத்துவிட்டு விற்கும் தொட்டியை விட்டுவிடுங்கள்.

உயரத்துக்கு ஆசைப்படாதீர்கள். இரண்டடியைத் தாண்டினால் கை அடிமணலை எட்டுவதே சிரமம். அதே பணத்தை அகலத்தில் போட்டால் பவளத்துக்கு இடம் கிடைக்கும்.

பிறகு ஒட்டு. இரண்டு கண்ணாடிகள் சேரும் இடத்தில், அவற்றுக்கு நடுவே இருக்கும் மெல்லிய சிலிக்கோன் அடுக்குதான் தொட்டியைத் தாங்குகிறது. உள்மூலையில் சாய்வாகப் பூசியிருப்பது அதற்குக் காவல். கைத்தொலைபேசி விளக்கை மூலையில் பிடித்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். அந்த நடு அடுக்கு ஒரே தடிப்பில் இருக்கவேண்டும். குமிழிகள் வரிசையாக ஓடினாலோ, வெள்ளையாகப் பிரிந்து தெரிந்தாலோ வேறு தொட்டியைக் காட்டச் சொல்லுங்கள். காரோசெல்லில் வரும் பழைய தொட்டிகளுக்கு இந்தச் சோதனை இரண்டு மடங்கு அவசியம். பாசி சுரண்டும் கத்தி உள்மூலையைக் கீறியிருக்கும். ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடந்த ஒட்டு மீண்டும் தண்ணீரைத் தாங்குமா என்பதை நிரப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

அக்ரிலிக் எடை குறைவு, தெளிவு அதிகம், ஆனால் ஒரு மணல் துகள் பட்டாலே கீறல் விழும். அதுவும் உடையாத பொருள் அல்ல. 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பெர்லின் ஹோட்டல் ஒன்றில் ஏறத்தாழ 1,500 மீன்களோடு வெடித்துச் சிதறிய ஒரு மில்லியன் லிட்டர் தொட்டி அக்ரிலிக்கில் செய்ததுதான். வீட்டுக்கு நான் கண்ணாடியையே சொல்வேன். அடிக்கண்ணாடி டெம்பர்டு வகையா என்று முன்பே கேளுங்கள். அந்த வகையில் பிறகு துளை போடமுடியாது. போட்டால் மொத்தமும் நொறுங்கிவிடும்.

தண்ணீர் எங்கே போகும்?

கடையில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று: “அங்கிள், கரண்ட் போச்சுன்னா எவ்வளவு தண்ணி கீழே இறங்கும்?”

பம்பு நின்றதும், தண்ணீர் திரும்பி வரும் குழாய் வழியாகவே மேல்தொட்டி நீர் கீழே இழுக்கப்படும். நமது தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயரம் என்பது 7.2 லிட்டர். குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் கீழே இருந்தால் 36 லிட்டர் இறங்கும். கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டியில் அவ்வளவு காலி இடம் இல்லையென்றால் மீதி தரையில்தான். மறுபக்கமும் உண்டு. இறங்கும் குழாயை நத்தையோ பாசியோ அடைத்துக்கொண்டால், பம்பு கீழே உள்ள நீரை மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். மேல்தொட்டியில் மூன்று சென்டிமீட்டர்தான் இடைவெளி என்றால் அது தாங்குவது 21 லிட்டர். ஆகவே பம்பு இருக்கும் அறையில் அதற்கும் குறைவான தண்ணீரே இருக்கவேண்டும். இந்த இரண்டு எண்களையும் யோசிக்காமல் சொல்லும் கடைக்காரர் கிடைத்தால் விடாதீர்கள்.

இறங்கும் குழாய் ஒன்றுக்கு மேல் இருப்பது நல்லது. ஒன்று முழு நீரோட்டத்துக்கு, இன்னொன்று காய்ந்தே இருக்கட்டும், அவசரத்துக்கு. இன்னொரு லாபமும் உண்டு. காற்றை விழுங்கும் ஒற்றைக் குழாய் கழிவறைத் தொட்டி நிரம்புவதுபோல நாள் முழுக்கச் சத்தம் போடும். ஒலிவாங்கியோடு பிழைப்பவளுக்கு அந்தச் சத்தம் ஒரு வாரம்கூடத் தாங்காது. உங்களுக்கு ஒரு மாதம் தாங்கலாம்.

அலமாரியும் வெப்பமும்

உப்புநீர் தெறித்தால் எம்டிஎஃப் பலகை ஊதிவிடும். நீர் தாங்கும் ஒட்டுப்பலகை அல்லது துருப்பிடிக்காதபடி பூசிய உலோகச் சட்டம் கேளுங்கள். ரசமட்டம் வைத்து நான்கு பக்கமும் பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்தாலும் அந்தப் பக்க ஒட்டுக்குக் கூடுதல் சுமை.

நம் ஊரில் குளிரூட்டும் கருவி இல்லாமல் பவளத் தொட்டி கடினம். பெரும்பாலோர் 25, 26 டிகிரி செல்சியஸில் வைக்கிறார்கள். மதிய நேரத்து வரவேற்பறை 31ஐத் தாண்டும். நம் கடலிலேயே நீர் சூடேறி 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் வெளுத்தன. அந்தக் கருவியை மூடிய அலமாரிக்குள் திணிக்காதீர்கள். அது வெளியேற்றும் வெப்பத்தையே மறுபடி குடித்துத் திணறும். எனவே அலமாரி வாங்கும் முன்பே அதற்குக் காற்றோட்டமான இடம் குறித்துக்கொள்ளுங்கள்.

உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதோடு, எதற்கு என்றும் கேளுங்கள். தொட்டி ஒழுகினால் புதுத் தொட்டி தருவது ஒன்று. உங்கள் மரத்தரைக்கும் கீழ்வீட்டுக் கூரைக்கும் பொறுப்பேற்பது வேறு. வீட்டுக் காப்புறுதி மீன்தொட்டிக் கசிவை ஏற்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடையிலேயே தொட்டியை நிரப்பி இரண்டு நாள் வைத்துக் காட்டச் சொல்லலாம். நல்ல கடைகள் முகம் சுளிக்காது. வீட்டுக்கு வந்ததும் உப்பைக் கலக்கும் முன் வெறும் குழாய்நீரில் மூன்று நாள் ஓடவிடுங்கள். மூலைகளில் உலர்ந்த தாளை ஒற்றிப் பாருங்கள். பிறகு பம்பின் மின்விசையை நீங்களே அணைத்து, கீழே நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் ஒரு கோடு போடுங்கள். அடுத்து அவசரக் குழாயைத் தவிர மற்றதைக் கையால் அடைத்துப் பாருங்கள். மூன்றாவது தடவை செய்யும்போது வீட்டில் உள்ளவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். தரை காய்ந்திருந்தால் உப்பு மூட்டையைப் பிரிக்கலாம்.