அளவு காக்கும் டை: தேர்வும் பராமரிப்பும்

பெங்களூரின் வடமேற்கே, தும்கூர் சாலையை ஒட்டி 1970களில் உருவான பீன்யா தொழிற்பேட்டையில் சிறு இயந்திரப் பட்டறைகள் ஏராளம். இத்தகைய பட்டறைகளில் பித்தளைக் குழல்கள், கிண்ணங்கள், புஷ்கள் முதலியவற்றைப் பிரஸ்ஸின் உதவியால் ஒரு துளையினூடே செலுத்தி, வெளிவிட்டத்தைக் குறித்த அளவுக்குக் கொண்டுவரும் வேலை நடைபெறுவதுண்டு. அத்துளையை உடைய கருவியே டை எனப்படும். பார்வைக்குச் சிறியதாயினும், ஒரு நாள் முழுவதும் செய்த சரக்கு ஏற்கப்படுவதும் தள்ளப்படுவதும் இதன் நிலையைப் பொறுத்தே அமைகின்றன.

டையின் துளை மேலிருந்து கீழ்வரை ஒரே அளவினதன்று. முதலில் சரிவான வாய். அடுத்து, அளவை நிர்ணயிக்கும் குறுகிய நேர்ப்பகுதி. கடைசியில் பொருள் தடையின்றி வெளியேறுவதற்கான அகன்ற பகுதி. நேர்ப்பகுதியில் நெருக்குண்ட பித்தளை, வெளியே வந்ததும் தன் மீள்சக்தியால் சிறிது விரிகிறது. 12 மில்லிமீட்டர் விட்டம் வேண்டுமாயின், துளையை அதனினும் நூற்றிலொரு பங்கு மில்லிமீட்டர் கணக்கில் குறுகலாக அமைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பதைச் சில மாதிரிகளைச் செலுத்தி அளந்தே முடிவு செய்தல் நலம்.

டை செய்வதற்குப் பெரிதும் பயன்படுபவை இரண்டு பொருள்கள். ஒன்று கருவி எஃகு. ஏறக்குறைய 1.5 சதவீதம் கரியும் 12 சதவீதம் குரோமியமும் கொண்ட டி-2 எஃகு இவ்வகையில் பிரசித்தமானது. அது மென்மையாக இருக்கும்போதே கடைந்து, துளையிட்டு, பின்னர் ராக்வெல் சி அளவையில் சுமார் 58 முதல் 62 வரை கடினமாக்கப்படுகிறது. மற்றொன்று டங்ஸ்டன் கார்பைடு. இதன் தூளைக் கோபால்ட்டுடன் கலந்து அழுத்தி, ஏறத்தாழ 1,400 சென்டிகிரேடு உஷ்ணத்தில் இறுகச் செய்வர். விக்கர்ஸ் அளவையில் இதன் கடினம் அந்த எஃகினுடையதைப் போல் ஏறத்தாழ இருமடங்காகும்.

கார்பைடு பிறந்ததே டையின் தேவையால்தான். மின்விளக்கின் டங்ஸ்டன் இழையை இழுப்பதற்கு விலைமிகுந்த வைர டைகள் வேண்டியிருந்தன. அவற்றுக்கு மாற்றாகவே ஜெர்மனியில் கார்ல் ஷ்ரோட்டர் என்பவர் இக்கலவையை உருவாக்கினார். 1923-இல் அதற்குக் காப்புரிமை கோரப்பட்டது. பின்னர் அது ‘வைரம் போன்றது’ எனப் பொருள்படும் ஜெர்மன் சொற்களிலிருந்து அமைந்த விடியா என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தது. 1964-இல் தோன்றிய விடியா இந்தியா நிறுவனம் இன்று கென்னமெட்டல் என்ற பெயரில் பீன்யாவை அடுத்துத் தும்கூர் சாலையில் இயங்கி வருகிறது. நம் பட்டறைகளில் கார்பைடை இன்றும் விடியா என்றே அழைப்போர் பலர்.

கடினமானதே சிறந்தது என்று முடிவு கட்டலாகாது. சில நூறு உருப்படிகளே தேவை, அளவும் அடிக்கடி மாறும், பிரஸ்ஸின் நேர்மையும் ஐயத்துக்குரியது என்றால் எஃகே ஏற்றது. அதன் விலை குறைவு. அதிர்ச்சியையும் ஓரளவு தாங்கும். ஆனால் எண்ணெய்ப் பூச்சு குறைந்தால் பித்தளை அதில் எளிதில் ஒட்டிக்கொள்ளும். ஒரே அளவில் பெருந்தொகையாகச் செய்யும் வேலைக்குக் கார்பைடு தன் விலையை ஈடு செய்துவிடும்.

கார்பைடு நெருக்குதலைத் தாங்கும். உள்ளிருந்து விரித்துப் பிளக்கும் விசையைத் தாங்காது. ஆகவே சூடாக்கிய எஃகு வளையத்துள் அதனை இறுக்கிப் பொருத்துகின்றனர். குளிர்ந்த வளையம் அதனை எப்போதும் நெருக்கிப் பிடித்திருக்கும். ஆயினும் உஷ்ணத்தில் எஃகு கார்பைடைவிட ஏறத்தாழ இருமடங்கு விரிவடையும். வேலையின்போது டை மிகவும் சூடேறினால் வளையத்தின் பிடி தளர்ந்து, கார்பைடு வெடிக்கக்கூடும். கையால் தொட இயலாத அளவுக்குச் சூடேறிய டையை ஆறவிட்டு, காரணத்தைக் கண்டறிதல் வேண்டும்.

பராமரிப்பில் முதலாவது தூய்மை. பித்தளையில் ஒட்டிய மணலும் உலோகத் துகளும் துளையைக் கீறுகின்றன. எனவே உருப்படிகளைக் கழுவி உலர்த்திய பின்னரே செலுத்த வேண்டும். தேய்மானம் சாதாரணமாக, உலோகம் முதலில் படும் வாய்ச்சரிவில் ஒரு வளையக் கோடாகத் தொடங்கும். அந்நிலையிலேயே வைரப் பசையால் மெருகேற்றினால் டை பிழைக்கும். இறுதி மெருகு உலோகம் செல்லும் திசையிலேயே அமைதல் வேண்டும். நேர்ப்பகுதி தேய்ந்து அகன்றுவிட்ட டையையும் எறிய வேண்டியதில்லை. அதனை அடுத்த பெரிய அளவுக்கு விரித்துப் பயன்படுத்தலாம். எஃகு டைகளை மழைக்காலத்தில் எண்ணெய் பூசி வைத்தல் அவசியம்.

சிக்கிய உருப்படியைச் சுத்தியலால் அடித்து எடுக்கும் வழக்கம் அபாயகரமானது. சிதறும் கார்பைடுத் துண்டு கண்ணைப் பறிக்கவல்லது. பாதுகாப்புக் கண்ணாடியும் மறைப்பும் இன்றி வேலை செய்யலாகாது. கார்பைடைச் சாணை பிடிக்கையில் எழும் கோபால்ட் கலந்த தூசி நாளடைவில் நுரையீரலைக் கெடுக்கும். நீர் பாய்ச்சிச் சாணை பிடித்தலும், தூசியை உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாடும் இதற்குத் தக்க காப்பாகும்.

தொழிற்பயிற்சி ஆசிரியர்கள் இதனை விளக்க எளிய வழியொன்று உண்டு. காலையில் செய்த முதல் உருப்படியையும் மாலையில் செய்த கடைசி உருப்படியையும் மைக்ரோமீட்டரால் மாணவரைக் கொண்டே அளக்கச் செய்து, டைக்கென வைத்த ஏட்டில் எழுதச் செய்யலாம். பட்டறைகளுக்குச் செல்லும் களப்பணியாளரும் இத்தகைய ஏடு ஒன்றைத் தொடங்குமாறு கூறலாம். அளவு எல்லையை நெருங்குவதை ஏடு முன்கூட்டியே காட்டிவிடும். சரக்கு திரும்பி வந்த பின்னர் டையைப் பார்ப்பதால் நட்டம் தீராது.