வயற்சேறும் உலோக வித்தையும்

நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டியைச் சூழ்ந்த நன்செய்களிற் கன்னிப்பூவிற்கோ கும்பப்பூவிற்கோ நீர் நிறுத்தியிருக்குங் காலத்து, வரப்பில் நின்று ஒரு கோலாற் சேற்றைக் கிளறினால், குமிழிகள் மேலெழக் காணலாம். அக்குமிழிகளில் மீதேன் என்னுஞ் சதுப்புவாயு உண்டு. 1776-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்ட்டா ஏரிச் சேற்றினின்று திரட்டி ஆராய்ந்ததும் இதுவே.

மீதேனில் ஒரு கரியணுவை நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் சூழ்ந்துள்ளன. அவற்றுள் ஒன்றன் பிணைப்பை அறுக்க மோல் ஒன்றுக்கு ஏறத்தாழ 105 கிலோகலோரி ஆற்றல் வேண்டும். அன்றியும், அப்பிணைப்பில் மின்னேற்றச் சாய்வு மிகக் குறைவாதலின், பிற பொருள்கள் பற்றுதற்கு ஒரு பிடியும் கிடைப்பதில்லை. ஆலைகளில் நிக்கலின் துணைகொண்டு நீராவியுடன் 700 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமூட்டியே இதனைச் சிதைக்கின்றனர்.

ஆனால், நெல்வேரின் அருகே, பிராணவாயு சிறிது எட்டும் இடத்தில் வாழும் சில பாக்டீரியாக்கள், வயல்நீரின் இயல்பான வெப்பத்திலேயே இவ்வரிய செயலை முடித்துவிடுகின்றன! அவற்றின் நொதிகளுள் ஒருவகையில் இரண்டு இரும்பணுக்களும், மற்றொருவகையிற் செம்பும் அமைந்துள்ளன. இரும்பு பிராணவாயுவைப் பற்றி அதனை மிகுந்த வேட்கையுடையதாக்க, அது மீதேனின் ஹைட்ரஜன் ஒன்றைப் பறித்துக்கொள்கிறது; பின்னர்க் கரியோடு பிராணவாயு கூடி மெதனால் பிறக்கிறது.

மனிதர் கண்ட வழி வேறு. 1969-இல் ருஷிய அறிஞர் ஷிலோவும் அவர் குழுவினரும் பிளாட்டின உப்பைக் கொண்டு இத்துறையில் வழி திறந்தனர். 1982-இல் அமெரிக்காவிற் பெர்க்மனும் கனடாவிற் கிரஹாமும் தனித்தனியே இரிடிய அணைவுச் சேர்மங்களால் இப்பிணைப்பை அறுத்துக் காட்டினர். இதன் முறை யாது? ஒளி பட்டவுடன் அச்சேர்மம் தன்னைச் சார்ந்தவற்றுட் சிலவற்றை நீக்கி, ஓரிடத்தை வெறிதாக்குகிறது. அவ்விடத்தை அணுகிய பிணைப்பு தன் எலக்ட்ரான் இணையை உலோகத்திற்கு ஈகிறது; உலோகமோ தன் எலக்ட்ரான்களை, அப்பிணைப்பைத் தளர்த்தும் நிலையிற் புகுத்துகிறது. இக்கொடுக்கல் வாங்கலாற் பிணைப்பு நீண்டு அற்று, கரியும் ஹைட்ரஜனும் தனித்தனியே உலோகத்தைச் சேர்கின்றன.

ஆயினும், அறுத்தல் மட்டும் போதாது. பற்றியதை உலோகம் விடுவித்து, மீண்டும் மீண்டும் தொழில் செய்தல் வேண்டும். மெதனால் மீதேனினும் எளிதிற் சிதைவதாகலின், உரிய இடத்தில் நிறுத்தவும் வேண்டும்.

இது வெறும் ஆய்வுக்கூட விளையாட்டன்று. எடைக்கு எடை, நூறாண்டுக் கணக்கில், மீதேன் கரியமிலவாயுவினும் இருபத்தைந்து மடங்குக்கு மேல் புவியை வெப்பமாக்குவது. எண்ணெய்க் கிணறுகளிற் கொண்டுசெல்ல வழியின்றி வீணே எரிக்கப்படுவதும் பெரும்பாலும் இவ்வாயுவே. வயலை இடையிடையே காயவிட்டால் இஃது எழுவது குறையும் என்பதை உழவர் அறிதல் நன்று. எழுந்ததை எளிய வெப்பத்திற் பயன்படு பொருளாக்கும் வித்தையையோ, அறிஞர் இன்னும் அச்சேற்று நுண்ணுயிரிடமே கற்று வருகின்றனர்.